பத்திரமும் பாஸும்: டிஸ்னி விடுமுறை உறுப்பினர் திட்டத்தின் வரவு செலவு

டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்பது விடுதியில் தங்கும் உரிமையைப் பல பத்தாண்டுகளுக்குச் சேர்த்து முன்கூட்டியே விற்கும் திட்டம். ஆண்டுப் பாஸ் என்பது கேளிக்கைப் பூங்காவின் வாயிலைப் பன்னிரண்டு மாதத்துக்குத் திறந்துவிடும் சீட்டு. ஒன்று பதிவு செய்யப்பட்ட பத்திரம். மற்றது ஆண்டுதோறும் விலையும் விதியும் மாறக்கூடிய அனுமதி. இரண்டையும் விற்பது ஒரே நிறுவனக் குடும்பம் என்பதால் விற்பனை மேசையில் அவை ஒன்றாகவே பேசப்படுகின்றன. உறுப்பினரானால் பாஸ் மலிவு, சாப்பாட்டில் தள்ளுபடி, கடைப் பொருளில் தள்ளுபடி என்ற வரிசை வாங்குபவரின் காதில் விழுகிறது. உறுப்பினராவதற்கு ஆகும் 30,000 டாலர் அளவிலான செலவுக்கு இந்தத் தள்ளுபடிகள் எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கும் என்பதை அறிய, முதலில் இரண்டையும் பிரித்து வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

விடுதியைப் பலர் பங்கிட்டு வாங்கும் முறை ஐரோப்பாவில் தோன்றியது. ஸ்விட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனம் 1963-இல் பங்குதாரர்களுக்கு விடுமுறை இல்லங்களைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தது. அமெரிக்காவுக்குப் போன பிறகு அது ‘டைம்ஷேர்’ என்ற பெயரில் பரவி, நெருக்கடி தந்து விற்கும் தரகர்களால் கெட்ட பெயரும் எடுத்தது. 1984-இல் மேரியட் போன்ற பெரிய விடுதி நிறுவனம் இத்தொழிலில் இறங்கியபோதுதான் அதற்கு ஓரளவு மரியாதை வந்தது. டிஸ்னி 1991-இல் வந்தது. ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்து இருபது ஆண்டுகள் கழித்து முதல் விடுதியைத் திறந்தது. இன்று அதன் பெயர் ஓல்ட் கீ வெஸ்ட். அதன் பிறகு ஃபுளோரிடா கடற்கரையில் வீரோ பீச், தென் கரோலினாவில் ஹில்டன் ஹெட், ஹவாயில் ஔலானி, கலிஃபோர்னியாவில் கிராண்ட் கலிஃபோர்னியன் என்று விரிந்தாலும், பெரும்பாலான விடுதிகள் ஆர்லாண்டோ நகரை ஒட்டிய டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. இந்தியாவில் 1996-இல் மகிந்திரா குழுமம் தொடங்கிய கிளப் மகிந்திராவின் உறுப்பினர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது. முன்பணம், ஆண்டுக் கட்டணம், பருவத்துக்கேற்ற உரிமை ஆகிய மூன்றும் அங்கும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், டிஸ்னி விடுதியின் வாசலிலேயே உலகின் மிகப் பெரிய பூங்கா வணிகம் நிற்கிறது. விடுமுறைக்கு வருபவரின் செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

பழைய டைம்ஷேர் முறையில் ஒருவர் ஒரு குறிப்பிட்ட வாரத்தை வாங்குவார். டிஸ்னி அதற்குப் பதிலாகப் புள்ளிகளை விற்றது. ஒருவர் 150 புள்ளி வாங்கினால், ஒப்பந்தம் முடியும்வரை ஆண்டுதோறும் 150 புள்ளிகள் அவர் கணக்கில் சேரும். ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் இத்தனை புள்ளி என்று அட்டவணை இருக்கிறது. பள்ளி நடக்கும் செப்டம்பரில் ஒரு சிறிய ஸ்டூடியோ அறைக்கு ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ நூறு புள்ளி போதும் என்றால், கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே அறைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகலாம். இதில் வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரு விடுதியின் மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. ஒரு பருவத்தின் விலையைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும். பணவீக்கம் எவ்வளவு ஏறினாலும் 150 புள்ளி என்ற அளவின் தங்கும் மதிப்பு ஏறத்தாழ அப்படியே நிற்கும். திட்டத்தின் உண்மையான பலம் இதுதான். பாஸ் தள்ளுபடி இதற்கு அடுத்த இடத்தில்கூட இல்லை.

புள்ளிகளுக்குக் காலக்கெடுக்கள் உண்டு. வாங்கிய ‘சொந்த’ விடுதியில் 11 மாதம் முன்னதாகவும், பிற விடுதிகளில் 7 மாதம் முன்னதாகவும் பதிவு செய்யலாம். பயன்படாத புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்க முடியும்; ஆனால் உறுப்பினர் ஆண்டின் முதல் எட்டு மாதத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். அப்படிச் சேமித்ததை மறுபடி சேமிக்க இயலாது. அடுத்த ஆண்டின் புள்ளிகளை இந்த ஆண்டே கடனாக எடுக்கவும் வழி உண்டு. தங்கும் நாளுக்கு 30 நாட்களுக்குள் பதிவை ரத்து செய்தால் அந்தப் புள்ளிகள் தனிக் கணக்கில் முடங்கும். கடைசி அறுபது நாளில் மிஞ்சிக் கிடக்கும் அறைகளுக்கு மட்டுமே அவை உதவும். ஆகவே இது ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே விடுமுறையைத் தீர்மானிக்கக் கூடியவர்களுக்கான ஏற்பாடு. டிசம்பரில் போக ஜூலையில் நினைப்பவர் விரும்பிய அறை கிடைக்காமல் திரும்ப நேரும்.

பத்திரம் என்ற சொல்லைக் கேட்டு நிலம் சொந்தமாகிறது என்று எண்ணிவிடக் கூடாது. உறுப்பினர் வாங்குவது குத்தகை நிலத்தில் கட்டிய கட்டடத்தின் ஒரு சிறு பங்கை, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு. ரிவியரா விடுதியின் ஒப்பந்தம் 2070-இல் முடியும். சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054-இல். போர்ட்வாக், பீச் கிளப் முதலிய பழைய விடுதிகள் 2042-இல். கெடு முடிந்த மறுநாள் முழு உரிமையும் டிஸ்னிக்கே திரும்பும். நம்மூர் போக்கியத்தில் வீட்டில் குடியிருந்து முடித்ததும் கொடுத்த தொகை கைக்கு வந்து சேரும். இதில் தொகை திரும்பாது. குடியிருந்த காலத்துக்குத் தனியாகப் பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும்.

அந்தப் பராமரிப்புக் கட்டணம் விற்பனை மேசையில் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் விஷயம். அண்மை ஆண்டுகளில் ஃபுளோரிடாப் பூங்கா விடுதிகளில் அது புள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 7 முதல் 10 டாலர் வரை இருக்கிறது. உப்புக் காற்றும் புயலும் தாக்கும் வீரோ பீச்சில் இதைவிடக் கணிசமாக அதிகம். துப்புரவு, பழுதுபார்ப்பு, காப்பீடு, ஊழியர் சம்பளம், சொத்து வரி எல்லாம் இதற்குள் அடங்கும். உறுப்பினர் அந்த ஆண்டு விடுமுறைக்குப் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். இத்தொகை ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்வதாக வைத்துக்கொண்டால் பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு மடங்காகும். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் பூங்காக்களும் விடுதிகளும் மூடப்பட்டபோதும் இந்தக் கடமை நிற்கவில்லை.

இனிக் கணக்கு. ரிவியரா போன்ற புதிய விடுதியில் நிறுவனத்திடமிருந்து நேரடியாக 150 புள்ளிகளைப் புள்ளிக்கு 200 டாலர் என்று வாங்குவதாகக் கொள்வோம். இது உண்மை விலையை ஒட்டிய, எளிமைக்காக வட்டமாக்கிய எண். சலுகைகளுக்கு ஏற்பச் சற்றே ஏறியிறங்கும். முதல் 30,000 டாலர். பராமரிப்புக் கட்டணம் புள்ளிக்கு 8.50 என்றால் ஆண்டுக்கு 1,275. 2025-ஐத் தொடக்கமாக வைத்தால் ஒப்பந்தத்தில் 45 ஆண்டு மீதி. முதலை 45-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 667. இரண்டையும் கூட்டினால் 1,942, அதாவது புள்ளிக்கு 13 டாலருக்குச் சற்றுக் குறைவு. விற்பனையாளர்கள் விரும்பும் கணக்கு இது. ஆனால் 30,000 டாலரை இன்றே கொடுத்துவிட்டு, அதைச் சிறுகச் சிறுக 45 ஆண்டுகளில் திரும்ப எடுக்கும் ஏற்பாட்டில், அந்தப் பணம் வேறு இடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தை விட்டுவிட முடியாது. பணவீக்கம் போக 3 சதவீதம் ஈட்டும் என்று எடுத்தால் முதலின் ஆண்டுச் செலவு 1,224 டாலர். மொத்தம் 2,499, புள்ளிக்கு 16.66. ஐந்து சதவீதம் என்றால் 1,688. மொத்தம் 2,963, புள்ளிக்கு 19.75.

இந்தக் கடைசி எண்ணில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. போக முடியாத உறுப்பினர்கள் தங்கள் புள்ளிகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இடைத்தரகு நிறுவனங்களும் உள்ளன. அந்தச் சந்தையில் புள்ளிக்கு 20 டாலரை ஒட்டிய விலை வழக்கம். அதாவது 5 சதவீத வருமானத்தை எதிர்பார்க்கும் ஒருவருக்கு, 45 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், வேண்டும்போது மற்றவரின் புள்ளியை வாடகைக்கு எடுப்பதும் செலவில் ஏறக்குறைய ஒன்றே. வாடகைக்கு எடுப்பவருக்குப் பராமரிப்புக் கட்டண உயர்வு பற்றிய கவலை நேரடியாக இல்லை. புயலில் கூரை போனால் சிறப்பு வசூல் வருமோ என்ற பயமும் இல்லை. குறை என்று சொன்னால், பதிவை மாற்றவோ ரத்து செய்யவோ பெரும்பாலும் இயலாது. உறுப்பினர் சலுகைகளும் கிடைக்காது. வாடகை விலை நாளை ஏறலாம் என்பதும் உண்மைதான். ஆனால் ஏறும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே 45 ஆண்டுக் கடப்பாட்டை நியாயப்படுத்தும் என்றால், அதை விடுமுறைத் திட்டம் என்பதைவிட முதலீட்டு ஊகம் என்பதே பொருந்தும்.

நிறுவனத்தின் ஒப்பீடு இந்த வாடகைச் சந்தையைத் தொடுவதே இல்லை. அது எடுத்துக்கொள்வது அறையின் அறிவிப்பு விலை. ஓர் ஆடம்பர விடுதியில் ஸ்டூடியோ அறை இரவுக்கு 650 டாலர், அதன்மேல் ஆரஞ்சு மாவட்டத்தின் 12.5 சதவீத விடுதி வரி என்றால், ஒரு வாரம் 5,119 டாலர் ஆகிறது. அதன் பக்கத்தில் 2,963 சேமிப்பாகவே தெரியும். ஆனால் அறிவிப்பு விலையைக் கொடுத்துத் தங்குபவர்கள் எத்தனை பேர்? பருவம் பார்த்து 20, 25 சதவீதத் தள்ளுபடிகள் அடிக்கடி வருகின்றன. 25 சதவீதம் கழித்தால் அதே வாரம் 3,839-க்கு இறங்குகிறது. டிஸ்னியின் சிக்கன விடுதியான ஆல்-ஸ்டார் வகையில் இரவுக்கு 175 டாலர் என்று தங்கினால் வரியோடு 1,378 தான். அந்தக் குடும்பத்துக்கு உறுப்பினர் திட்டம் தருவது வசதி உயர்வு, அதுவும் இருமடங்கு விலையில். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. வழக்கமாக ஆடம்பர விடுதியில்தான் தங்குவோம் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்களுக்கு மட்டுமே சேமிப்பு என்ற சொல் பொருந்தும்.

பாஸின் கதை வேறு. 2021 செப்டம்பரில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் தன் ஆண்டுப் பாஸ்களை நான்கு படிகளாகப் பிரித்து மறுபடி விற்கத் தொடங்கியது. தடைநாட்கள் இல்லாத இன்கிரெடி பாஸ் 1,299 டாலர். சார்சரர் பாஸ் 899. பைரேட் பாஸ் 699. பிக்ஸி டஸ்ட் பாஸ் 399. 2024 அக்டோபரில் இவை முறையே 1,549, 1,079, 829, 469 ஆயின. யாரும் வாங்கக்கூடியது முதலாவது மட்டும். மற்ற மூன்றும் ஃபுளோரிடாவில் வசிப்பவர்களுக்கானவை. சார்சரரில் மட்டும் ஒரு விதிவிலக்கு: வெக்கேஷன் கிளப் உறுப்பினர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதை வாங்கலாம். நன்றியறிதல் நாளை ஒட்டிய சில நாட்களும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும் சார்சரருக்கு வாயில் அடைப்பு. மற்றபடி அது இன்கிரெடியைப் போன்றதே. ‘உறுப்பினருக்குப் பாஸ் தள்ளுபடி’ என்று சொல்லப்படுவதன் உட்பொருள் இதுதான். 2024 விலையில் ஒருவருக்கு 470 டாலர் வித்தியாசம்; மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஒரே விலை என்பதால் நால்வர் குடும்பத்துக்கு 1,880.

எல்லா உறுப்பினரும் இந்தச் சலுகைக்கு உரியவர் அல்லர். இங்கேதான் நேரடி விற்பனையும் மறுவிற்பனையும் பிரிகின்றன. பழைய உறுப்பினரிடமிருந்து வாங்கினால் புள்ளி கணிசமாக மலிவு. அந்தச் சந்தை தன் விற்பனையைத் தின்பதை டிஸ்னி பொறுத்துக்கொள்ளவில்லை. 2011 மார்ச் 21-க்குப் பின் மறுவிற்பனையில் வாங்கிய புள்ளிகளைக் கப்பல் பயணம் முதலிய பரிமாற்றங்களுக்குப் பயன்படுத்த முடியாது என்றது. 2016 ஏப்ரல் 4-க்குப் பின் வாங்கியவர்களுக்குப் பாஸ் உள்ளிட்ட உறுப்பினர் சலுகைகளை நிறுத்தியது. 2019 ஜனவரி 19-க்குப் பின் மறுவிற்பனையில் வாங்கும் பழைய விடுதிப் புள்ளிகள் ரிவியராவிலும் அதற்குப் பின் வந்த விடுதிகளிலும் செல்லாது. ரிவியராவின் மறுவிற்பனைப் புள்ளிகளோ ரிவியராவைத் தவிர வேறெங்கும் செல்லாது. சலுகை பெறக் குறைந்தது 150 புள்ளிகளை நேரடியாக வாங்கியிருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. முன்பு இந்த வரம்பு குறைவாக இருந்தது. ஒவ்வொரு விதி மாற்றமும் ஏற்கெனவே வாங்கியவர்களை விட்டுவிட்டு, இனி வாங்குவோர் மீது விழுந்தது என்பதையும் குறிப்பிடுவது நியாயம். ஆனால் ரிவியராவை நேரடியாக வாங்கியவர் அதை விற்கப் போகும்போது, அவரிடமிருந்து வாங்குபவர் அந்தக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாவதால், நட்டம் விற்பவர் தலையிலேயே வந்து விழுகிறது.

ஆகவே பாஸ் சலுகையின் உண்மையான விலை என்பது நேரடி வாங்கலுக்கும் மறுவிற்பனை வாங்கலுக்கும் இடையிலான வேறுபாடு. சரடோகா ஸ்பிரிங்ஸ் போன்ற விடுதியில் மறுவிற்பனையில் புள்ளிக்கு 100 டாலர் என்று வைத்தால் 150 புள்ளி 15,000 டாலர். அதே தொடக்கத்திலிருந்து 2054 வரை 29 ஆண்டு, 5 சதவீதம் என்றால் முதலின் ஆண்டுச் செலவு 991. பராமரிப்பையும் சேர்த்து 2,266. நேரடி ரிவியராவின் 2,963-இலிருந்து இதைக் கழித்தால் ஆண்டுக்கு 697 டாலர். இரண்டும் ஒரே விடுதி அல்ல, ஒரே காலக்கெடுவும் அல்ல. எனினும் அளவை உணர்த்த இந்த எண் போதும். ஆண்டுக்கு 697 டாலர் கூடுதலாகக் கொடுப்பவர், பாஸ் வழியாக அதற்கு மேல் திரும்பப் பெறுகிறாரா?

நால்வர் குடும்பத்துக்கு 1,880 சேமிப்பு என்று பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் அந்தச் சேமிப்பு இன்கிரெடி பாஸ் வாங்கியிருக்கக்கூடியவருக்கு மட்டுமே உண்மை. 150 புள்ளி என்பது ஸ்டூடியோவில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு வாரம் போகும் குடும்பம் பாஸே வாங்காது. பலநாள் சீட்டு வாங்கும். ஏழு நாள் சீட்டு ஒருவருக்கு 700 டாலர் என்று கொண்டால் நால்வருக்கு 2,800. சார்சரர் பாஸ் நால்வருக்கு 4,316. ஒரே ஒரு பயணத்துக்குப் பாஸ் வாங்கினால் 1,516 டாலர் நட்டம். இரண்டு பயணம் ஒரே பாஸ் ஆண்டுக்குள் விழுந்தால் சீட்டுச் செலவு 5,600 ஆகியிருக்கும்; பாஸ் 1,284 மிச்சம் பிடிக்கிறது. அதே இரண்டு பயணத்துக்கு இன்கிரெடி 6,196 டாலர் கேட்கும்; அது சீட்டைவிட அதிகம், ஆகவே அந்தக் குடும்பம் அதை வாங்கியிருக்காது. உறுப்பினர் சலுகையின் மதிப்பு 1,880 அல்ல, 1,284. விற்பவர் ஒப்பிடுவது பாஸோடு பாஸை. வீட்டில் நடந்திருக்கக்கூடியது வேறு.

ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்களிடையே இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. இந்த ஆண்டு அக்டோபரில் ஒரு பயணம், அடுத்த ஆண்டு செப்டம்பரில் இன்னொன்று. 365 நாளுக்குள் இரண்டும் அடங்கிவிடும். அதற்கடுத்த பயணத்தை மறுபடி அக்டோபருக்குத் தள்ளி, புதிய பாஸைத் தொடங்கலாம். இப்படி இரண்டு ஆண்டுக்கு ஒரு பாஸ் வாங்கினால் 1,284 டாலர் மிச்சம் இரண்டு ஆண்டுகளுக்குப் பரவி, ஆண்டுக்கு 642 ஆகிறது. நேரடி வாங்கலின் கூடுதல் செலவோ 697. பெரிய சலுகையாகக் காட்டப்பட்டது, அதைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தும் நால்வர் குடும்பத்துக்கே ஏறக்குறைய சமத்தில்தான் முடிகிறது. இருவர் மட்டும் போகும் தம்பதிக்குப் பாதிதான் கிடைக்கும். ஐந்தாறு பேர் கொண்ட, ஆண்டில் இரண்டு மூன்று முறை போகும் குடும்பத்துக்கு லாபம் தெளிவாக உண்டு. அவர்களுக்கு 150 புள்ளி போதாது என்பது வேறு விஷயம்.

பாஸின் மற்றச் சலுகைகளையும் சேர்த்து எண்ணுவார்கள். அவற்றை உறுப்பினரின் கண்ணால் பார்த்தால் பல கரைந்துபோகும். பாஸ் வைத்திருப்பவருக்குப் பூங்காவில் வாகன நிறுத்தம் இலவசம். ஆனால் டிஸ்னி விடுதியில் தங்கும் எவருக்கும் அது ஏற்கெனவே இலவசம். பாஸ்காரருக்கு விடுதி அறையில் தள்ளுபடி வரும். புள்ளியில் தங்குபவர் பணம் கொடுத்து அறை எடுப்பதில்லை. உணவிலும் கடைப் பொருளிலும் 10, 20 சதவீதத் தள்ளுபடி பாஸுக்கும் உண்டு, உறுப்பினர் அட்டைக்கும் உண்டு. ஒரே ரசீதில் இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. விடுதிவாசிகளுக்கான அரைமணி முன்னனுமதியும், ஆடம்பர விடுதிக்காரர்களுக்கான இரவு நீட்டிப்பும் தங்குவதைச் சார்ந்தவை. புள்ளியை வாடகைக்கு எடுத்தவருக்கும் அவை கிடைக்கின்றன. வரிசையில் நிற்பதைக் குறைக்கும் லைட்னிங் லேன் எந்தப் பாஸிலும், எந்தப் பத்திரத்திலும் சேர்க்கப்படவில்லை. முன்பு இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் போய், 2021 அக்டோபரிலிருந்து அதற்குத் தனியே பணம் கட்ட வேண்டியதாயிற்று.

பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பது புள்ளியும் அறையும்தான். சலுகைகள் அனைத்தும் எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ நிறுவனத்துக்கு உரிமை உள்ள இணைப்புகள். இது ஒப்பந்தத்தில் மட்டும் உறங்கும் வாசகம் அல்ல. 2021 செப்டம்பரில் புதிய பாஸ்கள் வந்தன; அதே ஆண்டு நவம்பரில் பிக்ஸி டஸ்ட் தவிர மற்றவற்றின் புதிய விற்பனை நிறுத்தப்பட்டது. 2023 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஒன்றரை ஆண்டில் பாஸ் சலுகையை நம்பி நேரடியாக வாங்கிய புதிய உறுப்பினர், பாஸே வாங்க முடியாத நிலையில் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டினார். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்து 2021 ஜனவரியில் தன் ஆண்டுப் பாஸ் திட்டத்தையே கலைத்து, ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற பெயரில் வேறு விதிகளோடு கொண்டுவந்தது. அதில் தடைநாளே இல்லை என்று விற்ற டிரீம் கீ அட்டையை வைத்திருந்தவர்களுக்கு முன்பதிவு இடமில்லை என்று சொல்லப்பட்டதால் வழக்கு மூண்டது. 2023-இல் 95 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. சாதாரண நாட்சீட்டுக்காரர்களுக்கு ஃபுளோரிடாவில் 2024 ஜனவரியில் முன்பதிவுக் கட்டாயம் நீங்கிய பின்னும் பாஸ்காரர்களுக்கு அது முழுமையாக நீங்கவில்லை. ஓராண்டுச் சீட்டில் இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வாங்காமல் விடலாம். 2070 வரை நீளும் ஒப்பந்தத்துக்கு இதைக் காரணமாக்கினால், விலகும் வழி இல்லாமல் போகிறது.

யார் எங்கே வசிக்கிறார் என்பதும் கணக்கைப் புரட்டும். ஃபுளோரிடாக்காரருக்குச் சார்சரர் உட்பட எல்லாப் பாஸும் உறுப்பினராகாமலே கிடைக்கின்றன; காரில் வந்து மாலையில் வீடு திரும்புபவருக்கு அறையும் தேவையில்லை. அவருக்குப் பாஸ் மட்டும் போதும் என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை. பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு அந்நாட்டுச் சந்தைக்கென்றே பதினான்கு நாள் சீட்டுகள் விற்கப்படுகின்றன. இரண்டு வாரம் தங்கும் அவர்களுக்குப் பாஸ் சலுகை பெரிதாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல, ஆனால் சமையலறையோடு கூடிய பெரிய அறை உதவும். பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தவிர வேறு நாட்களில் போக முடியாதவர்களுக்குச் சார்சரர் பயனற்றது. புள்ளி அட்டவணையிலும் அந்த வாரம்தான் உச்சம். நியூ ஜெர்சி, ஒஹாயோ போன்ற மாநிலங்களிலிருந்து ஆண்டில் இருமுறை, பள்ளிக் கெடுபிடி இல்லாத மாதங்களில், ஆடம்பர விடுதியில் தங்கப் போகிறவர்களே இரண்டு பக்கமும் லாபம் காணும் சிறு கூட்டம்.

கடன் வாங்கி உறுப்பினராவது இந்தக் கணக்குகள் அனைத்தையும் சாய்த்துவிடும். பத்து சதவீதம் முன்பணம் போக 27,000 டாலரைப் பத்து ஆண்டுக்கு 11 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை 372 டாலர். கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 44,600. வட்டி மட்டும் 17,600. எந்தப் பாஸ் தள்ளுபடியும் இதை ஈடுசெய்யாது. விடுமுறை மகிழ்ச்சியில் டிஸ்னியின் விற்பனை அறையில் உட்காரும் குடும்பத்துக்கு இந்த எண்ணைவிட மாதத் தவணைதான் முதலில் தெரியும் என்பதால், இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் ஃபுளோரிடாச் சட்டம் பத்து நாட்கள் அவகாசம் கொடுத்திருக்கிறது. கையெழுத்திட்ட பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் காரணம் சொல்லாமல் விலகலாம். பணம் முழுதும் திரும்பும். இந்த உரிமையைத் தள்ளுபடி செய்யும்படி எந்த விற்பனையாளரும் வாங்குபவரைக் கேட்க முடியாது.

பத்து நாள் கடந்தபின் வெளியேற மறுவிற்பனைதான் வழி. மற்ற டைம்ஷேர்களில் பல, ஒரு டாலருக்கும் வாங்க ஆளில்லாமல் கிடக்க, டிஸ்னியின் புள்ளிகள் விலை போகின்றன என்பது இத்திட்டத்துக்குச் சேர வேண்டிய நியாயமான பெருமை. வாங்குபவர் பேசிய விலையிலேயே தான் முன்னுரிமையோடு வாங்கிக்கொள்ளும் உரிமையை நிறுவனம் வைத்திருக்கிறது. மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போனால் அது குறுக்கே வந்து எடுத்துக்கொள்ளும். அதனால் சந்தை விலைக்கு ஒரு கீழ்த்தளம் கிடைக்கிறது. 1991-இல் புள்ளி 50 டாலரை ஒட்டிய விலைக்கு வாங்கியவர்கள் முப்பது ஆண்டு பயன்படுத்திய பிறகும் அதைவிட அதிக விலைக்கு விற்க முடிந்தது. 200 டாலருக்கு மேல் கொடுத்து இன்று வாங்குபவருக்கு அதே அனுபவம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க ஆதாரமில்லை; கையெழுத்து உலர்வதற்குள்ளேயே மறுவிற்பனை விலை கணிசமாகக் குறைவு. அதோடு ஒப்பந்தக் கெடு நெருங்க நெருங்க ஒவ்வொரு புள்ளியிலும் மீதமிருக்கும் ஆண்டுகள் குறைகின்றன. ஓல்ட் கீ வெஸ்ட் உறுப்பினர்களுக்கு 2007-இல் கூடுதல் பணத்துக்கு 2057 வரை நீட்டிப்பு வழங்கப்பட்டது, எல்லோரும் ஏற்கவில்லை. ஆகவே ஒரே விடுதியில் இரண்டு கெடுவோடு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நீட்டிப்பை ஏற்காதவர்களுக்கும், போர்ட்வாக், பீச் கிளப், வீரோ பீச், ஹில்டன் ஹெட் ஆகிய விடுதிகளின் உறுப்பினர்களுக்கும் 2042 ஜனவரி 31 கடைசி நாள்.